டிரையர் பெட்டியின் நெற்றிப் பொட்டு: பெல்மதுளைப் பக்கம் ஒரு நாள் வேலைப் பயணம்

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு பொட்டு. தேயிலை உலர்த்தும் டிரையருக்குப் பக்கத்தில் ஆள் உயர இரும்பு அலமாரி. அதற்குள் சாப்பாட்டுப் பெட்டி அளவில் சாம்பல் நிறக் கொன்ட்ரோலர். அதன் முகப்பில் நட்டநடுவில் சந்தனமும் அதன்மேல் குங்குமமும் வைத்திருந்தார்கள். சந்தனம் காய்ந்து பழுப்பாகி, ஒரு பட்டன் மாதிரித் தடித்திருந்தது. சரஸ்வதி பூஜைக்கு வைத்ததாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு கம்பிகளைப் பார்க்கக் குனிந்துவிட்டேன். அந்தக் குனிவு எங்களுக்கு இரண்டரை மணி நேரத்தைத் தின்றது.

எதற்காகப் போனோம் என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் ருவான்வெல்லைக்குப் பக்கத்தில் ஒரு இறப்பர் தோட்டத்தில் இருக்கிறோம். ஜெரோம் அண்ணன் தொழிற்சாலைகளில் மின் அலமாரிகளுக்குக் கம்பி இழுக்கும் வேலை செய்கிறார். லெப்டொப்பில் செய்கிற பகுதி என்னுடையது. நான் சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். வகுப்பில் கேள்வி கேட்டால் பதில் தெரியும், குரல் வராது. இந்த வேலையில் ஆட்களோடு அண்ணன் பேசுவார், பெட்டிகளோடு நான் பேசுவேன். இரண்டு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது.

ஜூலை மாதம் பெல்மதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து கூப்பிட்டார்கள். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. அங்கே தொழிற்சாலை முழுக்கப் புதிதாக ஈதர்நெட் கேபிள் போட்டிருந்தார்கள். வாட்டும் மாடியின் விசிறிகள், உருட்டும் மெஷின்கள், சலிக்கும் அறை எல்லாம் ஒரே திரையில் தெரியும். கொழும்புத் தலைமை அலுவலகத்திலும் அதே திரை. டிரையர் மட்டும் அதில் இல்லை. அதன் கொன்ட்ரோலருக்கு இருபது வயதுக்கு மேல். ஈதர்நெட் சொருகுவதற்கு இடமே கிடையாது. கொழும்பிலிருந்து ஒரே பேச்சு: செவ்வாய்க்கிழமை இரண்டே காலுக்கு நாங்கள் பார்க்கும்போது டிரையர் திரையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து அதை நிறுத்திவிட்டு, கொழுந்தை பதினான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இன்னொரு தொழிற்சாலைக்கு அனுப்பிவிடுவோம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை 5.10க்கு ருவான்வெல்லையில் பஸ் ஏறினோம். கரவனெல்ல வழியாக அவிசாவளைக்கு ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்து 6.15க்கு இரத்தினபுரி பஸ். ஆளுக்கு 190 ரூபாய் எடுத்தார்கள். எஹலியகொடை தாண்டியதும் மழை பிடித்தது. கருவிப் பை மடியில் இருந்தால் ஜன்னல் பக்கம் உட்காராதீர்கள், பஸ் ஷட்டர்கள் ஒழுகும். எட்டு மணிக்கு இரத்தினபுரியில் இடியாப்பமும் சம்பலும் சாப்பிட்டோம். பெல்மதுளையில் இறங்கியபோது 9.05. அங்கிருந்து தோட்டம் ஒன்பது கிலோமீட்டர். ஓட்டோவுக்கு 1,300 கேட்டார், 1,200க்கு வந்தார்.

மாணிக்கம் தோண்டும் பக்கம் அது. ஓட்டோக்காரர் சிங்களவர். என் பையைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, "நங்கி, இவ்வளவு கனமா இருக்கே, மாணிக்கமா?" என்று சிங்களத்தில் கேட்டார். நங்கி என்றால் தங்கச்சி.

"ஆமா, எடுக்கப் போகல, கொண்டு போய்க் குடுக்கப் போறோம்," என்றார் அண்ணன்.

"அப்ப என் வீட்டு விலாசத்தையும் கேட்டு வச்சுக்குங்க," என்று சொல்லி வழி முழுக்கச் சிரித்தார். பாதை கடைசி இரண்டு கிலோமீட்டர் மோசம். லெப்டொப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன்.

தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் ஆட்கள் ஸ்டோர் என்பார்கள். உள்ளே நுழைந்ததும் வாடின கொழுந்தின் வாசம், கொஞ்சம் ஆப்பிள் மாதிரி. தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா எங்களை டிரையருக்கு அழைத்துப் போனார். சிங்களவர், ஆனால் தமிழில்தான் வேலை வாங்குகிறார். டிரையர் பக்கத்து ஸ்டூலில் மல்லிகா அக்கா உட்கார்ந்திருந்தார். பதினைந்து வருடமாக அந்த டிரையரைப் பார்ப்பவர் அவர்தான். அரை மணிக்கு ஒரு தடவை சூட்டைக் கொப்பியில் எழுதுவார். முன்பு கொழுந்து பறித்தவர். மழையில் சறுக்கி முட்டி போனதால் ஸ்டோருக்குள் வேலை கொடுத்திருக்கிறார்கள்.

"டிரையர நிறுத்துனா என்ன எங்க போடுவீங்க ஐயா?" என்று எங்கள் முன்னாலேயே கேட்டார்.

"வேற எடம் ஏது மல்லிகா. மலைக்குத்தான், கொழுந்து பறிக்க."

"இந்த முட்டியோடயா? அப்ப காலைல நீங்கதான் தூக்கிட்டு ஏறணும்."

ஐயா சிரித்தார். சலிக்கும் அறைப் பெண்களும் சிரித்தார்கள். மல்லிகா அக்கா பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "எத்தன மணிக்கு முடியும்?" என்று மட்டும் கேட்டார். அண்ணன், "பன்னெண்டுக்குள்ள முடிச்சிருவோங்க," என்றார். அப்படி நேரம் சொல்லாதீர்கள். நீங்கள் போனாலும் சொல்லாதீர்கள்.

வேலை இதுதான். பழைய கொன்ட்ரோலருக்கு வெளியே பேச இரண்டு கம்பிதான். அது தானாக ஒன்றும் சொல்லாது. கேட்டால் பதில் சொல்லும், அதுவும் ஒரு நேரத்தில் ஒரு கேள்விக்கு. ஈதர்நெட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசலாம். இரண்டுக்கும் நடுவில் உள்ளங்கை அளவு கேட்வே பெட்டி ஒன்றை வைக்கிறோம். அது அந்தப் பக்கம் கேட்பதை இந்தப் பக்க மொழிக்கு மாற்றி, பதிலைத் திருப்பிக் கொடுக்கும்.

10.05க்குக் கம்பிகளை மாட்டி முதல் கேள்வியை அனுப்பினேன். பதில் இல்லை. இரண்டு கம்பியையும் மாற்றிப் போட்டோம், ஏனென்றால் ஒரு கம்பனி ஏ என்பதை இன்னொரு கம்பனி பி என்னும். இல்லை. வேகத்தைக் கூட்டினேன், குறைத்தேன். கருவி எண் ஒன்றிலிருந்து முப்பத்தொன்று வரை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். கேட்வேயில் அனுப்பும் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. வாங்கும் விளக்கு ஒரு தடவைகூட எரியவில்லை.

"ஒன்ன மாதிரியே இருக்கு பாப்பா," என்றார் அண்ணன். "மூணு தடவ கேட்டாத்தான் வாயத் தெறக்கும்."

"முன்னூறு தடவ கேட்டாச்சு."

மணி 12.20. மேலே உருட்டும் மெஷின்கள் ஓடத் தொடங்கின. அதாவது உருட்டிய கொழுந்தின் முதல் தூள் இரண்டு மணிக்கு டிரையருக்கு வந்துவிடும். மல்லிகா அக்கா கொப்பியை மூடி மடியில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தபடி இருந்தார்.

கொன்ட்ரோலரின் கையேட்டை நாங்கள் அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தோம். ஆங்கிலம். பாதிதான் புரியும், அதனால் எப்போதும் படத்தைப் பார்ப்பேன். படத்தில் முகப்பில் ஐந்து வட்டங்கள் இருந்தன. உண்மைப் பெட்டியில் எண்ணினேன். நான்கு. திரும்பவும் எண்ணினேன். நான்கு வட்டமும் ஒரு பொட்டும்.

ஐந்தாவது வட்டத்துக்குப் படத்தில் ஒரு கோடு இழுத்து எழுதியிருந்ததை அண்ணனும் நானும் சேர்ந்து வாசித்தோம். அது ஒரு சின்ன சுவிட்ச். ஒரு பக்கம் தள்ளியிருந்தால் கொன்ட்ரோலர் தன் சொந்தக் கைக்கருவியோடு மட்டும் பேசும். மறுபக்கம் தள்ளினால் மற்றவர்களோடும் பேசும்.

"அதச் சுரண்டணும்," என்று அண்ணன் மெதுவாகச் சொன்னார். "ஆனா நம்ம சேர்ச்சுக்குப் போறவங்க, கோயிலுக்கு இல்ல. நம்ம கைய வச்சா தப்பா எடுத்துக்குவாங்க. நீ கேளு."

"நீங்க கேளுங்க."

"பொம்பளைங்க வச்ச பொட்டு. நீதான் கேக்கணும்."

டீமேக்கர் ஐயா காதில் அது விழுந்துவிட்டது. "சரி, ஸ்க்ரூடிரைவர் குடுங்க, நான் சுரண்டுறேன்," என்று கையை நீட்டினார். அது மட்டும் வேண்டாம் என்று தோன்றியது. அச்சுத் தாளை எடுத்துக்கொண்டு நானே மல்லிகா அக்காவிடம் போனேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. ஐந்தாவது வட்டத்தில் விரலை வைத்தேன். பிறகு அலமாரியைக் காட்டினேன். "இதுதாங்க அது," என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவர் தாளைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார். எழுந்து நொண்டிக்கொண்டு அலமாரிக்கு வந்தார்.

"நான்தான் வச்சேன். வருசா வருசம் அது மேலயே வைப்பேன். நடு நெத்தி மாதிரி ஒரு குழி இருந்துச்சு, சந்தனம் நல்லா ஒட்டுச்சு." பொட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார், "அப்ப இது பேசாம இருந்ததுக்கு நான்தான் காரணமா?"

அண்ணன் வேகமாக, "இல்லீங்க, சுவிட்ச் மொதல்லயே அந்தப் பக்கம்தான் இருந்திருக்கும்," என்றார்.

"ஐயா கை வைக்காதீங்க," என்று மல்லிகா அக்கா டீமேக்கரைத் தள்ளி நிற்கச் சொன்னார். "நாங்க சாமி கும்பிட்டது மெஷினுக்கு. ஓட்டைக்கு இல்ல."

விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி எடுத்தார். தண்ணீர் தொடக் கூடாது என்று மட்டும் சொன்னேன். தலை குனிந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளறினார். சந்தனம் அடுக்கு அடுக்காகப் பெயர்ந்தது. மேலே பழுப்பு, இடையே சிவப்பு, திரும்பவும் பழுப்பு. விழுந்ததையெல்லாம் ஒரு தாளில் ஏந்தி மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். அடியில் பட்டாணி அளவு ஓட்டை. அதற்குள் வெள்ளையாக, அழுக்கே படாமல், அந்த சுவிட்ச்.

அதைத் தள்ள மின்சாரத்தை அணைக்க வேண்டும். எனக்கு அங்கேதான் பயம். இந்த வயதுப் பெட்டிகளில் உள்ளிருக்கும் பெட்டரி செத்திருந்தால், அணைத்ததும் நினைவெல்லாம் அழிந்துவிடும். பிறகு டிரையரே ஓடாது. இதை அண்ணன் சொன்னதும் மல்லிகா அக்கா என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, இங்க வாரத்துக்கு மூணு தடவ கரண்ட் போகுது. முந்தாநாளும் போச்சு. வந்தா தானா எந்திரிச்சிக்கும். பயப்படாம அணைங்க."

அணைத்தோம். தள்ளினோம். போட்டோம். 1.12க்கு வாங்கும் விளக்கு ஒரு தடவை சிமிட்டியது.

கருவி எண் நான்கு என்று கூப்பிட்டதற்குத்தான் பதில் வந்தது. முதலில் வந்த எண் 884. பத்தால் வகுத்தால் 88.4. டிரையரின் சூடு காட்டும் டயலில் முள் எண்பத்தெட்டுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. தோட்டங்களில் சூடு எல்லாம் ஃபாரன்ஹீட்டில்தான், திரையில் அதை மாற்றிப் போட்டுவிடாதீர்கள். அடுப்பை மூட்டினார்கள். 96, 131, 178 என்று ஏறியது. இரண்டு மணிக்கு முதல் தூள் வந்தபோது 206. மல்லிகா அக்கா டயலைப் பார்த்துக் கொப்பியில் 206 என்று எழுதினார். பிறகுதான் திரையைப் பார்த்தார். "சரியாத்தான் சொல்லுது," என்றார்.

"கொழும்புல இருந்து இதக் கூட்டிக் கொறைக்க முடியுமா?"

"முடியாதுங்க," என்றேன். "பாக்க மட்டும்தான் வச்சிருக்கேன்."

"அப்ப பக்கத்துல ஆள் வேணும்."

"வேணுங்க."

2.15க்குத் தொலைபேசி அடித்தது. டீமேக்கர் ஐயா கேட்டுவிட்டு, "பேனவாலு," என்று சிங்களத்தில் சொன்னார். தெரிகிறதாம். டிரையர் இருக்கட்டும் என்றும் சொன்னார்களாம். மல்லிகா அக்கா ஸ்டூலில் போய் உட்கார்ந்து, நோகும் காலை நீட்டிக்கொண்டார்.

இந்த மாதிரி வேலைக்குப் போகிறவர்கள் கையேட்டை அச்செடுத்துக் கொண்டுபோங்கள், அங்கே சிக்னல் கிடைக்காது. முகப்பை முதலில் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு செக்கனுக்கு ஒரு தடவைக்கு மேல் கேள்வி அனுப்பாதீர்கள், பழைய கருவி திணறும். விசிறி மோட்டர் கேபிளோடு சேர்த்து உங்கள் கம்பியை இழுக்காதீர்கள். பக்கத்தில் வேலை செய்கிறவர்களிடம் வந்தவுடனேயே பேசுங்கள். இதை எனக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். இரத்தினபுரிக்குத் திரும்ப நேரடி பஸ் 4.10க்கு இருக்கிறது.

அந்த சுவிட்சைப் பற்றி இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இந்தத் தோட்டத்தைப் பார்த்தேயிராத யாரோ ஒருவர், ஒரு நாள் யாராவது இதோடு பேச வருவார்கள் என்று அதை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தூசியிலும் சூட்டிலும் இருபது வருடம் அது காத்திருந்தது. அத்தனை நாளும் அந்தக் கொன்ட்ரோலர் ஒரு தடவைகூட டிரையரைக் கைவிடவில்லை.

3.15க்குப் பையைக் கட்டும்போது மல்லிகா அக்கா சின்னக் குங்குமச் சிமிழோடு வந்தார். அலமாரிக்குள் புதிதாக மாட்டியிருந்த கேட்வேயைப் பார்த்தார்.

"இதுக்கும் வைக்கணும்ல. ஓட்டை இல்லாத எடமா நீயே காட்டு, தங்கச்சி."

விளக்குகளையும் சொருகும் இடங்களையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். பெட்டியின் இடது மேல் மூலையில் விரலை வைத்தேன்.