அம்மா எழுந்து நின்றாள்

சிகாகோவில் இருந்த இரண்டரை வருஷத்தில் ஒரே ஒரு தேங்க்ஸ்கிவிங் விருந்துக்குத்தான் போனேன். அடுத்த வருஷம் காய்ச்சல் என்று பொய் சொன்னேன். அதற்கடுத்த வருஷம் யாரும் கூப்பிடவில்லை.

விருந்து கொடுத்தவள் என் தோழி. சிறுசேரியில் இரண்டு பேரும் ஒரே ப்ராஜெக்ட். அவள் வீடு செங்கல்பட்டு டவுனிலேயே. நான் அங்கே ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தேன். காலையில் ஒரே நிறுத்தத்தில் கம்பெனி பஸ் ஏறுவோம். திருப்போரூர் வரும்வரை என் தோளில் சாய்ந்து தூங்குவாள். விழித்ததும் அவள் அம்மா கட்டிக் கொடுத்த இட்லியைப் பிரித்து எனக்கும் நீட்டுவாள்.

பழகிய முதல் மாதத்திலேயே எந்த ஊர் என்று கேட்டாள். கடப்பாக்கம் என்றேன். "கோட்டை இடிஞ்சு கடலோரமா கெடக்குமே, அந்த ஊரா? எங்க அம்மா பொறந்த ஊரும் அந்தப் பக்கந்தான்டி" என்று ஊர்ப் பேரைச் சொன்னாள். எனக்கு வாயில் இட்லி நின்றுவிட்டது. அந்த ஊர் ஏரிக்கு இந்தப் பக்கம்தான் எங்கள் காலனி. அந்த ஊர்க் கழனியில்தான் என் அம்மா இருபது வருஷம் நடவு நட்டாள், களை எடுத்தாள். கடப்பாக்கம் எங்களுக்கு பஸ் ஏறுகிற இடம், அவ்வளவுதான். நான் கடற்கரைக் குடும்பத்துப் பெண் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். இல்லை என்று நான் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லாதது நாலு வருஷம் நீடித்தது.

அவளுக்குக் கல்யாணமாகி சிகாகோ போனாள். ஒரு வருஷம் கழித்து ஆன்சைட் வாய்ப்பு எனக்கும் அங்கேயே வந்தது. நான் போய் இறங்கிய ஆகஸ்டில் அவளுக்கு எட்டாம் மாதம். பிரசவம் பார்க்க அவள் அம்மா செங்கல்பட்டிலிருந்து வந்திருந்தார்.

அந்த அம்மாவைப் பற்றி நல்லதைச் சொல்லாமல் விட முடியாது. சனிக்கிழமை தவறாமல் வரச் சொல்லுவார். என் தட்டில் அவர் கையாலேயே சோறு போட்டு, போதும் என்றாலும் விடமாட்டார். பிள்ளை பிறந்த பிறகு குளிப்பாட்டும்போது நான்தான் துண்டை விரித்துப் பிடிப்பேன். துடைத்து, பொட்டு வைத்து, பிள்ளையை என் மடியில்தான் போடுவார். திரும்பும்போது ஊரிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் டப்பாக்களில் வத்தக்குழம்பும் பருப்புப்பொடியும் கொடுத்தனுப்புவார். அடுத்த வாரம் டப்பாவைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தால் வேறொன்று நிரம்பியிருக்கும். "இன்னா இப்பிடி எலும்பும் தோலுமா கீற" என்று என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பார். எனக்கும் அது வேண்டியிருந்தது. அந்தக் குளிரில் வாரத்துக்கு ஒருநாள் யாராவது என் கையைப் பிடித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

நவம்பரில் தோழியின் கணவர் தேங்க்ஸ்கிவிங் கொண்டாடலாம் என்றார். அவர் ஆபீசிலிருந்து கோயம்புத்தூர் தம்பதி ஒன்று, ஹைதராபாத் தம்பதி ஒன்று, நான். வான்கோழியைக் கடையிலேயே சுட்டு வாங்கி வந்திருந்தார்கள். யாருக்கும் அது பிடிக்கவில்லை. படம் எடுத்ததோடு சரி. எல்லோரும் சாப்பிட்டது அந்த அம்மா செய்த பிரியாணியைத்தான்.

சாப்பிடுவதற்கு முன் ஆளுக்கொரு நன்றி சொல்ல வேண்டும் என்றார் தோழியின் கணவர். இங்கே அதுதான் வழக்கமாம். ஒருவர் விசாவுக்கு நன்றி சொன்னார், ஒருவர் மனைவிக்கு. என் முறை வந்தபோது, "சனிக்கிழமைன்னா எனக்குப் போறதுக்கு ஒரு அம்மா வூடு கீது. அதுக்குத்தான்" என்றேன். ஆபீஸ் தமிழில் தொடங்கத்தான் நினைத்தேன். ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. அந்த அம்மாவுக்குக் கண் கலங்கியது. எழுந்து வந்து என் கன்னத்தைத் தொட்டார்.

பாதிச் சாப்பாட்டில் என் போன் அடித்தது. இரவு ஏழு மணி. ஊரில் காலை ஆறரை. அங்கன்வாடியில் ஆயா வேலைக்குக் கிளம்பும் முன் அம்மா தினமும் அந்த நேரத்துக்கு வீடியோவில் வருவாள். நான் கட் பண்ணப் போனேன். பக்கத்தில் இருந்த தோழி போனைப் பிடுங்கிக்கொண்டாள். "ஆன்ட்டி, ஹேப்பி தேங்க்ஸ்கிவிங். எங்க அம்மாகிட்ட பேசுங்க" என்று போனை அவள் அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

நான் எட்டிப் பார்த்தேன். அம்மா போனை ஏதோ டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். திரையை உற்றுப் பார்த்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். எழுந்து நின்றுவிட்டாள்.

திரையில் அவள் முகம் போய்விட்டது. இடுப்பும், புடவையில் குத்திய ஊக்கும், முந்தானையை இழுத்துச் சொருகுகிற கையும்தான் தெரிந்தன. குரல் மட்டும் மேலேயிருந்து வந்தது.

"நல்லா கீறீங்களாம்மா? ஐயா வூட்ல எல்லாரும் சொகமா?"

அந்த அம்மா போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். பிறகு, "அடிப்பாவி, நீயா? ஏரிக் கழனிக்கு நடவுக்கு வருவியே, நீதானே?" என்றார்.

"ஆமாம்மா."

"இது உம் பொண்ணா?"

"எல்லாம் உங்க புண்ணியந்தாம்மா."

எங்கள் மேசையில் அன்று சொல்லப்பட்ட கடைசி நன்றி அதுதான். என் படிப்புக்கு அவர்கள் வீட்டுப் புண்ணியம் எங்கே வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணன் பத்தாவதோடு நின்று கல் குவாரிக்குப் போனதால் நான் படித்தேன். ஆனால் அம்மா அப்படித்தான் சொன்னாள், நின்றுகொண்டே சொன்னாள். இரண்டு பேரும் ஐந்து நிமிஷம் பேசினார்கள். அந்தப் பக்கம் 'நீங்க', இந்தப் பக்கம் 'நீ'. உட்காரும்மா என்று அந்த அம்மாவும் சொல்லவில்லை, அம்மாவும் உட்காரவில்லை.

போனை வைத்ததும் தோழியின் கணவர் "ஸ்மால் வேர்ல்டு" என்றார். கோயம்புத்தூர்க்காரர் சிரித்தார். ஹைதராபாத் பெண், இரண்டு அம்மாக்களும் பழைய சிநேகிதிகளா என்று ஆசையாக விசாரித்தாள்.

அந்த அம்மா என்னிடம் முகம் கொடுக்காமல் போகவில்லை. சிரித்துக்கொண்டேதான் பேசினார். "படிச்சு நீங்கள்லாம் முன்னுக்கு வந்துட்டீங்க. நல்லதுதான்" என்றார். முந்தின நிமிஷம் வரை நான் 'நீ'யாக இருந்தேன். இப்போது 'நீங்கள்லாம்' என்கிற கூட்டத்தில் ஒருத்தி ஆகிவிட்டேன். உள்ளே பிள்ளை அழுதபோது வழக்கம்போல் எழுந்தேன். "நீ உக்காரு, அது தானா தூங்கிடும்" என்றார். அது தூங்கவில்லை. அவரே போய் எடுத்துக்கொண்டார்.

கிளம்பும்போது மீந்ததைக் கட்டிக் கொடுத்தார். இரண்டு தம்பதிகளுக்கும் எவர்சில்வர் டப்பா. அடுத்த வாரம் மறக்காமல் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். எனக்கு மட்டும் ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பா. "இத திருப்பிக் கொண்டார வாணாம்மா. தின்னுட்டு தூக்கிப் போட்டுடு" என்றார். மேடையில் இன்னும் இரண்டு எவர்சில்வர் டப்பா காலியாகத்தான் கிடந்தன. தோழி பக்கத்தில் ஒரு மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மூடியைக் கொண்டுபோய்த் தண்ணீரில் காட்டிக் கழுவ ஆரம்பித்தாள்.

லிஃப்ட் வரை வந்தாள்.

"ஏன்டி எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

திருடியதைக் கேட்பது போல இருந்தது. நீ கேட்கவில்லை என்றேன்.

"நான் என்னிக்காச்சும் அதெல்லாம் பாத்திருக்கேனா?"

டப்பா என் கையில்தான் இருந்தது. லிஃப்ட் வந்தது, ஏறிவிட்டேன்.

அந்த டப்பாவை ரயில் நிலையக் குப்பைத் தொட்டியில் எறிந்திருக்க வேண்டும். இந்தச் சம்பவத்தை ஒரே ஒருவரிடம்தான் இதுவரை சொல்லியிருக்கிறேன். எறிந்துவிட்டதாகத்தான் அவரிடமும் சொன்னேன். எறியவில்லை. மறுநாள் லீவு, பனி கொட்டிக்கொண்டிருந்தது, அறையில் ரொட்டியைத் தவிர வேறில்லை. இரண்டு வேளையும் அந்தப் பிரியாணியைத்தான் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

அன்று அம்மாவைக் கூப்பிட்டபோது அவள் சந்தோஷத்தில் இருந்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. காலனி முழுக்கச் சொல்லியிருந்தாள். "அவுங்க கூடவே ஒக்காந்தா சாப்ட்ட? ஒரே மேசையிலயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நான் கத்திவிட்டேன். எதுக்கு எழுந்து நின்ன, அவங்க முன்னாடி எதுக்கு நின்ன என்று கேட்டேன்.

அம்மா யோசித்தாள். நின்றதே அவளுக்கு ஞாபகமில்லை.

"நானா நின்னேன்? காலு தானா எழுந்துகிச்சி போல" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை நான் போகவில்லை. ஏன் வரவில்லை என்று தோழி ஒரு மெசேஜ் அனுப்பினாள். வேலை என்றேன். அதற்கடுத்த வாரம் மெசேஜும் இல்லை. சண்டை எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

ஊர் திரும்பி இப்போது கேளம்பாக்கத்தில் குடியிருக்கிறேன். ஆபீஸ் பழையபடி சிறுசேரி. போன ஜனவரியில் தோழி பிள்ளையோடு லீவுக்கு வந்திருந்தாள். மாமல்லபுரத்தில் தங்கியிருக்கிறோம், வா என்று கூப்பிட்டாள். போயிருக்கக் கூடாது. ஆனால் அந்த டப்பாவைப் பற்றி அவளிடம் கேட்க வேண்டியதை ஐந்து வருஷமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லித் தயாராக வைத்திருந்தேன். திருவிடந்தை தாண்டும்போதும் ஸ்கூட்டியில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.

கடலைப் பார்த்த ஒரு ஹோட்டலில் உட்கார்ந்தோம். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். இளைத்துவிட்டாய் என்றாள். பிள்ளை வளர்ந்திருந்தது, என்னை யாரென்று அதற்குத் தெரியவில்லை. நான் எடுத்து வைத்திருந்த வாக்கியத்தைப் பிள்ளையை வைத்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. மீன் வந்தது, சாப்பிட்டோம். அவளே பேச்சை எடுத்தாள், வேறு பேச்சை. அவள் அம்மா போன மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறாராம். செங்கல்பட்டு வீட்டில் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லையாம். ஏஜென்சியில் அனுப்புகிறவர்கள் ஒரு வாரம் நிற்பதில்லையாம்.

"உங்க ஊர்ப் பக்கம் நம்பிக்கையா யாராச்சும் கெடைப்பாங்களாடி? உங்க அம்மாகிட்ட கொஞ்சம் கேட்டுப் பாரேன். அவங்களுக்குத் தெரியாதவங்க இருக்க மாட்டாங்க" என்றாள்.

கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. எங்கள் ஊரில் இப்போது எல்லாப் பெண்களும் கம்பெனி பஸ் ஏறி வேலைக்குப் போகிறார்கள், யாரும் வரமாட்டார்கள் என்றேன். பாதி நிஜம். எதற்கும் கேட்டுச் சொல் என்றாள். சரி என்றேன்.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு தோழி இரண்டு முறை போன் செய்தாள், நான் எடுக்கவில்லை. படுக்கையில் கிடக்கிறவரிடம் பழி தீர்த்துக்கொள்கிறேன் என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும். எனக்கு என் அம்மாவைத் தெரியும். சொன்னால் அன்று சாயங்காலமே நாலு பேரிடம் விசாரிப்பாள். யாரும் கிடைக்காவிட்டால், அங்கன்வாடிக்கு லீவு போட்டுவிட்டு அவளே பஸ் ஏறிவிடுவாள்.