கோஸ்தான் சொல்ல ஒரு ஆள்

லோரி வாங்கப் போகிறவன் எஞ்சினைப் பார்ப்பான், டயரை உதைத்துப் பார்ப்பான். நான் என் மச்சானை எங்கே உட்கார வைப்பது என்று பார்த்தேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். கிள்ளானில் நான் கல்யாணங்களுக்கு மேசை நாற்காலி வாடகைக்கு விடுகிறவன். சொந்த லோரி இல்லாத காலத்தில் அவருடையதைத்தான் எடுப்பேன். பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம் நடந்தபோது, நாற்காலிகளை நானே இறக்கினேன். நம்ம வீட்டு விசேஷமாயிற்றே! வேர்த்து ஒழுக நின்ற என்னைக் காட்டி, "இவர் யாரு?" என்று மாப்பிள்ளையின் அப்பா, அதாவது சம்பந்தி, மச்சானிடம் கேட்டார்.

"இவரா? நம்ம லோரி கெலிண்டான் லா," என்று சிரித்தார் மச்சான்.

கெலிண்டான் என்றால் லோரி டிரைவரின் எடுபிடி. சாமான் தூக்குவான், லோரியைப் பின்பக்கமாக எடுக்கும்போது இறங்கி நின்று "கோஸ்தான், கோஸ்தான்" என்று கத்துவான், நிறுத்த "ஓப்" என்பான். தங்கச்சி புருஷன் என்று சொல்ல அந்த வாய்க்கு என்ன கேடு? பக்கத்தில் தட்டில் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்த என் மனைவி தலையைத் தூக்கவே இல்லை. அவள் அண்ணனை விட்டுக்கொடுக்க மாட்டாள் என்று நினைத்து, வீட்டுக்கு வந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஜெஞ்சாரோம் தாண்டி, செம்பனைக் காட்டோரம் ஒருவர் ராணுவம் கழித்துவிட்ட லோரிகளை வாங்கிப் பழுது பார்த்து விற்கிறார். வார நாளில் நாற்காலி ஏற்றவும், சனி ஞாயிறில் ஆற்றங்கரையில் கூடாரம் போடவும் ஒரே வண்டி வேண்டும் என்றேன். இரண்டைக் காட்டினார்.

"அண்ணே, சின்னத எடுங்க. ஸ்டியரிங் லேசு, டீசல் கம்மியா குடிக்கும், பின்னால கேமரா போட்டிருக்கேன். பெருசுல பெஞ்ச மடக்கினா சாமான் ஏத்தலாம், விரிச்சா படுத்துக்கலாம். நல்ல வண்டிதான். ஆனா மேல போட்ட கேன்வாஸ் பின்பக்கத்த மறைக்கும். கோஸ்தான் எடுக்க ஒரு ஆள் எறங்கியே ஆகணும்."

"யாரு எறங்கணும்?"

"முன் சீட்ல ஓரமா உக்காந்திருக்கிறவன்தான். வேற யாரு?"

முன் சீட்டை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர் என் மச்சான். பெரியதையே எடுத்தேன். இதிலும் கேமரா மாட்டித் தரட்டுமா என்று விற்றவர் கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன்.

காத்திருந்தது வீண்போகவில்லை. சம்பந்தி குடும்பம் ஆற்றங்கரையில் ஒரு ராத்திரி தங்க ஆசைப்பட்டது. அங்கே போகும் சேற்றுப் பாதையில் மச்சானின் லோரி இறங்காது. "மாப்ளே, உங்க வண்டியில போலாமா?" என்று அவரே போன் செய்தார். சம்பந்தி வீட்டார் பின்னால் பெஞ்சில் ஏறினார்கள். நான் எதிர்பார்த்தபடியே மச்சான் காலில் வெள்ளைச் சப்பாத்து மாட்டிக்கொண்டு முன் சீட்டில் ஓரமாக உட்கார்ந்தார். எங்களுக்கு நடுவில் என் மனைவி.

ஆற்றங்கரை வந்ததும் பின்னால் இருந்தவர்கள் எல்லாரும் இறங்கி நின்றார்கள். வண்டியை மேட்டில் பின்பக்கமாக ஏற்ற வேண்டும்.

"மச்சான், எறங்கிப் பாருங்க. எனக்குப் பின்னால ஒண்ணும் தெரியல."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வெளியே நின்ற சம்பந்தியைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் இறங்கினார். சப்பாத்து சேற்றில் புதைந்தது. "கோஸ்தான்," என்று முனகினார்.

"கேக்கல மச்சான், எஞ்சின் சத்தம்!"

"கோஸ்தான்! கோஸ்தான்! ஓப்!"

ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். சம்பந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அடடா, அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வது! பிரேக்கை இழுத்துவிட்டு, வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராக என் மனைவி பக்கம் திரும்பினேன். அவள் பக்கக் கண்ணாடியில் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி சரியான இடத்தில்தான் நின்றிருந்தது.

"கோணலா இருக்குங்க," என்றாள். "முன்னால எடுத்துட்டு, இன்னொரு தரம் கோஸ்தான் வாங்க."