மாமாவின் சாப்பிரா வேட்டி

இப்போது ஷிப்டு ஆட்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கும் அறைகள் நிற்கிற இடத்தில், நான் சின்னப் பிள்ளையாக இருந்த தொண்ணூற்றொன்றில் எங்கள் வேலி இருந்தது. வேலியோரம் ஒரு சாப்பிராச் செடி. காயின் மேலெல்லாம் மெத்தென்ற முள். வெடித்தால் உள்ளே செக்கச்சிவந்த விதைகள். தொட்டால் கையெல்லாம் சாயம்.

என் தாய்மாமாவுக்குப் பெண் அமையவில்லை. அந்த ஆடிக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகனுக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டார். அதைக் கேள்விப்பட்ட ஒரு பெண்வீட்டார், கோயிலிலேயே மாப்பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லியனுப்பினார்கள். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை.

“கடைக் காவிய ஊரே கட்டும். நம்புள்து தனியாத் தெரியணும்” என்றார். நானும் அவருமாக விதைகளைப் பிசைந்து, வெள்ளை வேட்டியை அதில் ஊறவைத்தோம்.

“கொதிக்கவெச்சி நல்லா அலசுடா, சாயம் வுட்டுடும்” என்றாள் அம்மா.

“இன்னாக்கா, எனக்கே சொல்லித் தர்றியா?” அலசினால் நிறம் குறையும் என்று அப்படியே காயப்போட்டார்.

மறுநாள் கோயில் குளத்தில் முங்கி எழுந்து, ஈர வேட்டியோடு காவடியைத் தோளில் வைத்தார். இரண்டு கால்களிலும் சிவப்பாக ஒழுகியது.

“ஐயோ, ரத்தம்!” என்று ஒரு அம்மாள் அலறி அவர் காலில் விழுந்தார். மாமா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அந்த வாயில் யாரோ விபூதியைப் போட்டு “அரோகரா!” என்று கத்தினார்கள். வேறு வழியில்லாமல் மாமா கண்ணை மூடிக்கொண்டு ஆட ஆரம்பித்துவிட்டார்.

பெண்ணின் அப்பா முகம் வெளுத்துவிட்டது. “சாமி வந்து ரத்தம் கொட்ற ஆளு, குடும்பம் நடத்துவானா? வேணாம், கெளம்புங்க.”

அம்மா கண் கலங்கிப்போய், ஒரு தொன்னைப் பொங்கலை என்னிடம் கொடுத்து, “அவங்களாண்ட குட்த்துட்டு வா” என்றாள். பெண்தான் வாங்கினார். சிவந்திருந்த என் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தார்.

“சாப்பிராவா?”

“ஆமாக்கா. அலசாம கட்டிக்கினாரு. சாமியெல்லாம் வரல.”

தாவணியால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. எட்டி ஒருமுறை மாமாவைப் பார்த்தார். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு அப்பாவிடம் போய், “இத்தினி பேரு எதுர்ல முருகனே காட்டிட்டாருப்பா. இவர வேணாம்னா தெய்வக் குத்தமாப் பூடும்” என்றார்.

அவர் அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஆவணியில் கல்யாணம். பந்தியில் மாமி தன் இலையிலிருந்த லட்டை எடுத்து என் இலையில் வைத்தார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவ்வளவு தெளிவாகச் சொல்லியும் என்னை நம்பவில்லையே என்று எனக்குக் கோபம்.