மருதாசலத்தின் சமன்

சிங்காநல்லூர் மருதாசலம் மொபெட்டில் மாட்டுத்தீவனம் விற்றவர். வண்டியின் வலப்புறம், சைலன்சருக்கு மேல் அடித்த தகரத் தட்டில் பதினைந்து கிலோ மூட்டைகள் மூன்று. அதைவிடச் சிறிய பைகள் அங்கே நிற்காமல் சரிந்துவிடும். அவை இடப்புறக் கொக்கிகளில் தொங்கும்: ஐந்து கிலோப் பைகள் மூன்று, பத்துக் கிலோப் பைகள் மூன்று. இருபுறமும் நாற்பத்தைந்து.

ஒருமுறை உக்கடம் குளக்கரையில் வண்டி சாய்ந்து, தவிட்டோடு தாமும் உருண்ட பிறகு, எந்த வீட்டிலும் இருபுறமும் எடை ஒத்தே இறக்குவார். அவரறிந்த வழி ஒன்றுதான்: வீட்டுக்குச் சிறியது ஒன்று, நடுத்தரம் ஒன்று, பெரியது ஒன்று. மூன்று வீடுகளில் சுமை தீரும். வேறு விதமாகக் கேட்டவர்களுக்கெல்லாம், "வண்டி சாஞ்சுபோயிருமுங்க" என்பதே பதில்.

1994ஆம் ஆண்டுத் தை மாதத்து ஞாயிறு ஒன்றில் அந்த வழி அடைபட்டது. பதினொரு மணிக்குக் கருமத்தம்பட்டியில் பெண் பார்க்க வேண்டும். முப்பத்து நான்கு வயதில் அமைந்த வரன். மூன்றாம் வீட்டாரோ மாடுகளை விற்றுவிட்டிருந்தனர். மிஞ்சும் பங்கைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோக நேரமில்லை. தவிட்டு மூட்டையோடு மாப்பிள்ளை போய் இறங்குவதா?

முதல் வீட்டில் மாரியாத்தாள் ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏப்பா மருதாசலம், சட்டை புதுசா இருக்குது! மாட்டுக்குக் காட்டவா?"

"பொண்ணு பாக்கப் போறேனுங்க அக்கா."

"அப்ப இன்னைக்காவது சொல்றதக் கேளு. கன்னுக்குட்டிக்கு அள்ளிப் போடச் சின்னப் பை மூணும் எனக்கு வேணும். பெருசு ஒண்ணையும் எறக்கு, உங்க மாமன் தூக்கட்டும்."

"வண்டி சாஞ்சுபோயிருமுங்க."

"சாஞ்சா நான் புடிச்சுக்கறேன். எறக்குப்பா!"

இறக்கினார். மாரியாத்தாள் கையை எடுத்தார். வண்டி அசையவில்லை. இடப்புறம் நடுத்தரம் மூன்று, வலப்புறம் பெரியவை இரண்டு, முப்பதுக்கு முப்பது. மருதாசலம் ஒருமுறை வண்டியை ஆட்டிப் பார்த்துவிட்டுக் கிளப்பினார்.

அடுத்த வீட்டுச் சென்னியப்பன், சின்னப் பை தம் ஆறு மாடுகளுக்கு ஒரு வாய்க்குக் காணாது என்று பல மாதங்களாக முறையிட்டு வந்தவர்.

"அண்ணா, சின்னப் பையே இல்லீங்க. இருக்கறதெல்லாம் எடுத்துக்கறீங்களா?"

"இன்னைக்குத்தான் உன்ர வண்டிக்கு மனசு வந்துச்சாக்கும்! எல்லாத்தையும் போட்டுட்டுப் போ."

காலி வண்டியோடு குறித்த நேரத்தில் போய்ச் சேர்ந்தார். பெண்ணின் தாய் காப்பியை நீட்டியபடி, "தீவன யாவாரம்னாங்க. எங்க மாட்டுக்கு ஒரு பை கொண்டாரலீங்களா?" என்றார். கூடம் சிரித்தது. மருதாசலம் காரணம் சொல்லத் தொடங்கி, காப்பி ஆறும்வரை சொன்னார்.

மணப்பெண் கிருபா கதவருகிலிருந்து கேட்டாள்: "அப்ப ஒரே சுமை மூணாவும் பிரியுது, ரெண்டாவும் பிரியுது. நாலாப் பிரியுங்களா?"

"தெரியலீங்க."

"பாத்துச் சொல்லுங்க. அதுவரைக்கும் வேற பொண்ணு பாக்க வேண்டாம்."

அடுத்த ஞாயிறே விடையோடு வந்தார். எப்படி இறக்கினாலும் ஒவ்வொரு தடவையும் பெரிய மூட்டை ஒன்றாவது இறங்கியாக வேண்டும், இருப்பவை மூன்றே, ஆகவே நான்காகப் பிரியாது. மாட்டுக்கென்று சிறியது ஒன்று, நடுத்தரம் ஒன்று, பெரியது ஒன்று கொண்டுவந்திருந்தார். வைகாசியில் திருமணம் நடந்தது.