பத்மா அக்கா கிழிக்காத கடிதம்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை டென்மார்க்கின் ஓகூஸ் நகரப் பஸ் நிலையத்தில் என் பஸ்ஸை நிறுத்திவிட்டுத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. பத்மா அக்காவின் மகள் நிலானி. டேனிஷில் தொடங்கியவர் நடுவில் தமிழுக்கு மாறினார்.

"மாமா, அம்மா விடியப் போயிட்டா. நித்திரையிலைதான். நோகேல்லை."

ஒரு வருடமாக நோயோடு கிடந்தவர் நோகாமல் போனார் என்பது ஆறுதல்தான். ஆனால் எனக்கு முதலில் வந்தது ஆறுதலும் அல்ல, துக்கமும் அல்ல. ஐயோ, அந்தக் கடிதம் இனி யார் கையில் அகப்படப்போகிறதோ என்ற பயம். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். பூசி மெழுகி எழுதினால் அக்காவுக்குப் பிடிக்காது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருமதி பத்மாவதி இராசநாயகம் உரும்பிராயில் பிறந்தவர். ஊரை விட்டு வந்தவர் முதலில் ஜெர்மனியில் அகதி முகாமில் நான்கு வருடம் இருந்தார். முகாமில் மற்றவர்கள் விசாவை நினைத்துப் பெருமூச்சு விட, அவர் ஜெர்மன் படித்தார். பிறகு திருமணமாகி டென்மார்க் வந்து, ஆஸ்பத்திரிச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்தார். அங்கேதான் நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். கிழங்கு உரிக்கும் கத்தியோடு அவர் என்னுடைய டேனிஷைத் திருத்துவார். எனக்குக் கோபம் வரும். அவருக்கு வரவே வராது.

பின்னர் ஒரு ஆவணக் காப்பகத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. இந்நாட்டின் தென்பகுதி முதல் உலகப் போர் முடியும்வரை ஜெர்மன் ஆட்சியில் இருந்தது. அந்தக் காலத்துப் பதிவேடுகளில் உள்ள கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அதை வாசிக்கக்கூடிய ஆட்கள் குறைவு. அக்கா வாசித்தார். அதிலும் அவருக்குக் கைவந்தவை தீவிர தேசியவாதச் சங்கங்களின் கூட்டக் குறிப்புகள். அந்தச் சங்கங்கள் தேர்தலில் நிற்பதில்லை. பெரிய போர்க்கப்பல் கட்டு, புதிய நிலம் பிடி, எல்லையில் டேனிஷ் பேசுகிறவர்களை அடக்கு என்று அரசாங்கத்தை நெருக்கிக்கொண்டே இருக்கும். மன்னரின் மந்திரிகளுக்கே தேசபக்தி போதாது என்று கண்டிக்கும்.

"ராசாவை மிஞ்சின ராசவிசுவாசம் தம்பி," என்பார் அக்கா. "பிறகு யூதச் சனத்துக்கு நடந்த பெரிய அநியாயத்துக்கு இவையள் மட்டும்தான் காரணம் எண்டு சொல்லேலாது. ஆனால் துரோகி எண்ட சொல்லைச் சனத்தின்ரை வாய்க்குப் பழக்கிவிட்டவை."

அப்போது நான், நாங்கள் இருந்த ரண்டர்ஸ் நகரத்துத் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர். அது எனக்குச் சின்னப் பதவியாகத் தோன்றவில்லை. ஊர்ப் போரில் மாண்டவர்களின் நினைவுநாள் ஒன்றில் எல்லாத் தமிழ்க் கடைகளும் பூட்டவேண்டும் என்று சங்கம் சொல்லியும் யோகன் தன் கடையைப் பூட்டவில்லை. நான் கொதித்துப்போனேன். இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். யோகன் இனத்துரோகி, இனி ஒருவரும் அவரிடம் சாமான் வாங்கக் கூடாது. கீழே 'அறுபத்திரண்டு குடும்பங்கள் சார்பில்' என்று என் கையெழுத்து. பிழை திருத்திப் பிரதி எடுத்து எல்லா வீட்டுக்கும் அனுப்பும்படி அக்காவிடம் கொடுத்தேன்.

வாசித்துவிட்டு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஏன் பூட்டேல்லை எண்டு அவரைக் கேட்டனீரோ?"

"அதை ஏன் அக்கா கேக்கவேணும்?"

அவர் தேநீர் போட்டு வைத்துவிட்டு ஒரு கதை சொன்னார். அவர் வாசித்துக்கொண்டிருந்த ஒரு ஜெர்மன் ஊர்ச் சங்கத்தின் குறிப்பேட்டில், டேனிஷ்கார பேக்கரிக்காரரிடம் பாண் வாங்குபவன் துரோகி என்று தீர்மானம் இருந்ததாம். கூட்டத்துக்கு வந்தவர்கள் பதின்மூன்று பேர். பெர்லினுக்கு எழுதியதோ நூற்றுக்கணக்கானோர் பெயரில். பாட்டுக் குழு, தீயணைப்புப் படை என்று ஊரில் இருந்த எல்லாவற்றையும் ஒருவரையும் கேட்காமல் மொத்தமாகச் சேர்த்துக்கொண்டார்களாம். அந்த பேக்கரிக்காரரும் தீயணைப்புப் படையில் இருந்தவர்.

"சங்கம் சின்னன், சத்தம் பெரிசு," என்றார். நான் வயிறு நோகச் சிரித்தேன். சிரித்து முடிந்தபின்தான், மேசையில் கிடந்த என் கடிதம் கண்ணில் பட்டது. எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. தேநீரைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டேன்.

கோபம் ஆற ஒரு மாதம் சென்றது. போய்க் கடிதத்தைக் கிழித்துவிடும்படி கேட்டேன்.

"கிழிச்சால் நீர் திரும்பவும் எழுதுவீர்," என்றார் அக்கா. "இருந்தால் எழுதமாட்டீர்."

அவர் சொன்னது சரி. அதன் பிறகு நான் அப்படி ஒரு கடிதம் எழுதவில்லை. ஆனால் காலம் சும்மா இருக்கவில்லை. என் மகளும் யோகனின் மகனும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். இன்று யோகன் என் சம்பந்தி. திருமண வீட்டில் அக்கா என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு எனக்கு மட்டும்தான் விளங்கியது.

சனிக்கிழமை இறுதிச் சடங்கு முடிந்ததும் நிலானி என்னிடம் ஒரு தபாலுறையைத் தந்தார். "அம்மா உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவ." கார் தரிப்பிடத்தில் நின்று பிரித்தேன். என் கடிதம். மேல் மூலையில் அக்காவின் பென்சில் எழுத்து: 'அனுப்பப்படவில்லை. பிரதி இல்லை. எழுதியவரிடம் கொடுக்கவும்.' அப்பாடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பிறகுதான் கீழே பார்த்தேன். 'அறுபத்திரண்டு குடும்பங்கள்' என்ற இடத்தில் கோடு இழுத்து, 'யோகன் குடும்பம் உட்பட?' என்று எழுதியிருந்தார். அன்றைய சங்கப் பட்டியலில் யோகன் குடும்பத்தோடு சேர்த்து மொத்தமே அறுபத்திரண்டு குடும்பம்தான். இத்தனை வருடமாக எனக்கு அது மூளையில் ஓடவில்லை.

சட்டைப்பைக்குள் வைத்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது. பக்கத்தில் சம்பந்தி நின்றார். நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு பக்கத்தையும் ஆற அமர வாசித்தார்.

"அண்டைக்குக் கடையைப் பூட்டினால் வீட்டிலை இருக்கவேணும்," என்றார். "இருந்தால் என்ரை தம்பியின்ரை படத்தைப் பாக்கவேணும். அதுதான் பூட்டேல்லை."

"நான் கேக்கேல்லை, சம்பந்தி. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் கடிதத்தை மடித்தார். திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "என்ரை கடையிலை வாங்கக்கூடாதெண்டு நானும் சேர்ந்தெல்லோ சொல்லியிருக்கிறன்! ஒரு சொல்லுக் கேட்டிருந்தால் உண்மையாவே சொல்லியிருப்பன். எனக்கும் அந்த நேரம் கடை அலுத்துப்போச்சு." இரண்டு கிழவர்கள் செத்தவீட்டில் நின்று கண்ணீர் வரச் சிரித்தோம். நிலானி திரும்பிப் பார்த்தார். அவரும் சிரித்தார். நாங்கள் மூவரும் அழுததும் அப்போதுதான்.

பத்மா அக்கா, இந்த அஞ்சலியை எல்லாக் குடும்பங்கள் சார்பிலும் எழுதித் தரும்படி சங்கத்தில் கேட்டார்கள். மாட்டேன் என்றேன். இதை என் சார்பில் மட்டும் எழுதுகிறேன். யோகனைக் கேட்டேன், தன் பெயரையும் போடச் சொன்னார். நாங்கள் இரண்டு பேர், அக்கா. போய்வாருங்கள்.