இரண்டு பூப்பொட்டலம்

கோயமுத்தூர் ஜெயிலிலிருந்து வெளியே வந்து போக்கிடம் தெரியாமல் நிற்கிறவனுக்கு முதல் சாப்பாடு பாவாத்தாள் வீட்டு அரிசிச்சோறுதான். களி மட்டும் போடமாட்டாள். அங்கேதான் வேண்டிய மட்டும் தின்றிருப்பான், இங்கேயும் எதற்கு என்பாள். பூக்கட்டிப் பிழைக்கிற பொம்பளைக்கு இந்த வேண்டாத வேலை ஏன் என்று கேட்டவர்கள் நிறையப் பேர். அவர்களில் ஒருவர்கூட அந்த ஆட்களுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்ததில்லை.

அவளுக்குக் காரணம் இருந்தது. அவள் புருஷன் அடிதடிக் கேசில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியபோது யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பத்து நாள் பார்த்தான். நீலகிரியில் தோட்ட வேலைக்குப் போகிறேன் என்று போனவன் போனவன்தான். அதற்குப் பிறகு அவள் மாகாளியம்மனிடம் வேண்டிக்கொண்டாள், வெளியே வருகிறவனை ஊர் சேர்த்துக்கொள்கிற வரைக்கும் கூடவே நடப்பதாக.

ஊர் சேர்த்துக்கொள்ள எங்கள் பக்கத்தில் அம்மனிடம் பூக் கேட்பார்கள். வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இலையில் மடித்து நூல் சுற்றிச் சாமி காலடியில் வைத்தால் பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் அம்மனுக்குச் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. மற்றதைப் பிரிக்காமல் கோயில் கிணற்றில் போட்டுவிட வேண்டும். பூக்காரி என்பதால் பொட்டலம் கட்டுவது பாவாத்தாள்தான். ஏழு ஊரில் கேட்டாள், ஏழிலும் வெள்ளை. அவள் கைராசி என்றார்கள். ராசியாவது ஒன்றாவது, இரண்டிலும் வெள்ளரளியைத்தான் வைப்பாள். பெற்ற பிள்ளையை ஆத்தா வேண்டாம் என்பாளா, நடுவில் சிவப்புப் பூவுக்கு என்ன வேலை என்பது அவள் கட்சி. என்னிடம் ஒருதரம் சொன்னாள். எனக்கும் அதில் தப்புத் தெரியவில்லை.

முப்பத்தி நாலாம் வருஷம் செங்கோடன் வந்தான். சோமனூருக்குப் பக்கத்து ஊர்க்காரன். பங்குக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற முறைக்காகத் தகராறு வந்து, மண்வெட்டியால் அடித்ததில் ஒருத்தன் செத்துப்போனான். அதற்கு ஏழு வருஷம். செத்தவன் அதே ஊர் மயில்சாமியின் தம்பி. செங்கோடனின் அம்மா சின்னாத்தாள் கண் மங்கித் தனியாகக் கிடந்தாள். மகனைச் சேர்க்காவிட்டால் அவளுக்குக் கஞ்சி ஊற்ற ஆள் இல்லை.

பூக் கேட்கிற வெள்ளிக்கிழமை ஊரே கோயிலில் கூடியது. பாவாத்தாள் கூடையை இறக்கியதும் மயில்சாமி முன்னால் வந்தான்.

"ஏனுங்க்கா, இன்னைக்குப் பொட்டலம் நான் கட்டறனுங்க."

யாரும் மறுக்கவில்லை. செத்தது அவன் தம்பி. பாவாத்தாள் கூடாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். குட்டு உடைந்தால் ஏழு ஊரில் சேர்ந்தவர்களையும் திரும்ப விரட்டிவிடுவார்கள். கூடையை அவன் பக்கம் தள்ளினாள். அவன் கோயிலுக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டு வந்தான். இரண்டிலும் சிவப்புத்தான் என்று அவளுக்கு நிச்சயமாகிவிட்டது. தான் செய்ததையே இன்னொருத்தன் செய்தால் ஆத்தாளிடம் எந்த முகத்தோடு முறையிடுவது? செங்கோடன் வாசலுக்கு வெளியே தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

பூசாரி பிரித்தார். வெள்ளை.

சின்னாத்தாள் தடவித் தடவிப் போய் மகன் கையைப் பிடித்துக்கொண்டாள். பாவாத்தாள் அழுதேவிட்டாள். இதுவரை தான் சொல்லவைத்ததை இன்றைக்கு ஆத்தாளே வாய்திறந்து சொன்னாள் என்று அவளுக்கு அத்தனை சந்தோஷம்.

மற்றப் பொட்டலத்தைக் கிணற்றில் போட அவளிடம் கொடுத்தார்கள். கிணற்று மேட்டில் நின்றபோது மனசு கேட்கவில்லை. தோற்றுப்போன அந்தச் செவ்வரளியை ஒருதரம் பார்த்துவிடலாம் என்று நூலை அவிழ்த்தாள்.

உள்ளே வெள்ளரளி.

திரும்பினால் பத்தடி தள்ளி மயில்சாமி நிற்கிறான். கண் சிவந்திருந்தது. அவள் கையில் விரிந்திருந்த இலையைப் பார்த்தான்.

"கிணத்துல போட்டாச்சுங்களாக்கா?" என்று கேட்டான்.

"போட்டாச்சுங்க தம்பி" என்றாள் பாவாத்தாள். அப்புறம்தான் போட்டாள்.