கேபினட்டுக்கு ஒரு சீட்

கடைக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, “மெக்கானிக் எப்ப வருவாரு?” என்பதுதான். கையில் ஸ்க்ரூ டிரைவரோடு, எதிரில் திறந்து கிடக்கும் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருப்பேன். ஆனாலும் கேட்பார்கள், பொம்பளைப் பிள்ளை ஆயிற்றே. முதல் ஆறு மாதம் ‘நான்தாங்க’ என்று பொறுமையாகச் சொல்லிப் பார்த்தேன். அப்புறம் பொறுமை போய்விட்டது. ‘வருவாரு, உக்காருங்க’ என்று சொல்லிவிட்டு அவர்கள் கண் முன்னாலேயே வேலையை முடிப்பேன். முடிந்ததும், ‘மெக்கானிக் வந்துட்டுப் போயிட்டாரு, எடுத்துட்டுப் போங்க’ என்பேன். எனக்குக் கோபம் வந்தால் இப்படித்தான் வரும்.

இது இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில். திருவண்ணாமலையில் தேரடித் தெருவை ஒட்டிய சந்தில் என் அக்கா வீட்டுக்காரர் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். அதில் ஒரு மூலையும் ஒரு மேஜையும் எனக்கு. டிப்ளமோ படித்திருந்தேன். பாகங்களை வாங்கி, கேட்பவர்களுக்கு ஏற்றபடி கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுப்பேன், பழுது பார்ப்பேன். வேலையில் குறை வைத்ததில்லை. ஆனால் நான் ஒன்றைச் சொன்னால், அதை வேலூர் போய் இன்னொரு ஆளிடம் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் வருவார்கள். அந்த ஆளும் நான் சொன்னதையே சொல்லி அனுப்புவார். பெருமை அவருக்குப் போகும்.

மெக்கானிக் எங்கே என்று கேட்காத ஒரே வாடிக்கையாளர் பாய். கல்யாண வீடியோ எடுப்பவர். ஊரில் பாதிப் பேருடைய கல்யாணம் அவர் கேமரா வழியாகத்தான் நடந்தது. முதல் நாளே அவருடைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்து, என் முகத்தைப் பார்த்து, என்ன கோளாறு என்று நேராக என்னிடமே சொன்னார். அவ்வளவுதான் செய்தார். அதற்கே நான் அவருக்கு அடிமையாகிவிட்டேன். பாய் கம்ப்யூட்டருக்கு உடம்பு சரியில்லை என்றால் எனக்குச் சோறு இறங்காது.

அந்தச் சித்திரையில் அதற்கு நிஜமாகவே உடம்பு சரியில்லை. எடுத்த வீடியோவை வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, பூ விழுகிற மாதிரியும் இதயம் பறக்கிற மாதிரியும் வேலைப்பாடு செய்த பிறகு, எல்லாவற்றையும் ஒரே படமாக்க கம்ப்யூட்டரை ஓட விட வேண்டும். ரெண்டரிங் என்போம். ஒரு கல்யாணத்துக்கு நாள் முழுக்க ஓடும். நடுவில் சூடேறி நின்றுவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பாயுடையது தினமும் நின்றது. வைகாசி முகூர்த்தங்கள் வேறு வரிசையில் நின்றன.

அவருடைய பழைய கேபினட், அதாவது பாகங்களையெல்லாம் வைத்துப் பூட்டும் கூடு, சாதாரணத் தகரப் பெட்டி. ஆயுத பூஜைக்கு வேலைக்கார அம்மா வைத்த சந்தனம், குங்குமம் இன்னும் அதில் காய்ந்து ஒட்டியிருந்தது. பக்கத்துக் கதவைக் கழற்றி வைத்துவிட்டு, டேபிள் ஃபேனை உள்ளே பார்த்துத் திருப்பி வைத்திருப்பார். ஊரில் எல்லாருமே அப்படித்தான் செய்தார்கள். காற்றோடு தெருப் புழுதியும் போகும். ஒரு தடவை உள்ளே பல்லி இருந்தது, உயிரோடு.

ஒரு நாள் பாய் பெரிய அட்டைப்பெட்டியோடு வந்தார். சென்னையிலிருந்து உசத்தியான கேபினட் ஒன்று வாங்கி வந்திருந்தார். ஆளுயரமும் இல்லாமல் குட்டையும் இல்லாமல் நடுவாந்தரமாக இருக்கும் மிட் டவர். விலையைக் கேட்டு என் அக்கா வீட்டுக்காரர், வெறும் பெட்டிக்கா என்று இரண்டு தடவை கேட்டார். மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைப் பிரிக்காமல் இருந்தால் ஐந்து நாளுக்குள் திருப்பி எடுத்துக்கொள்வதாகக் கடையில் சொல்லியிருந்தார்களாம்.

“நீ பாரும்மா. நல்லாருக்குன்னா வச்சிக்கறேன். இல்லன்னா குடுத்துடறேன். நீ சொல்றதுதான்” என்றார் பாய்.

நீ சொல்றதுதான். அந்த வார்த்தையை யாரும் என்னிடம் சொன்னதில்லை. அன்று நான் நடந்தபோது கால் தரையில் பட்டதா என்று சந்தேகம்.

பெட்டியைப் பிரித்தேன். முதலில் தூக்கிப் பார்த்தேன், நல்ல கனம். விரலால் தட்டினேன். பழைய தகரம் டப்பா மாதிரி அலறும், இது ‘ம்’ என்று மட்டும் சொன்னது. அடுத்து, எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே பார்க்கிற ஒன்றைப் பார்த்தேன்: உள்விளிம்பு. சாதாரணக் கேபினட்டில் விளிம்பு பிளேடு போல இருக்கும். கையைக் கிழித்துக்கொள்ளாமல் ஒரு கம்ப்யூட்டரும் பூட்டியதில்லை நான். இதில் விளிம்பையெல்லாம் உள்பக்கமாக மடித்துவிட்டிருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டிப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. யாரோ ஒருவர், பூட்டுகிறவர் கையை நினைத்துப் பார்த்திருக்கிறார். சந்தோஷமாக இருந்தது.

இன்னும் இருந்தது. ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் கையாலேயே திருகும் ஆணிகள். ஹார்டு டிஸ்க் அதிராமல் இருக்க ரப்பர் வளையம். பின்னால் சூட்டை வெளியே தள்ள ஒரு பெரிய ஃபேன். முன்பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாக ஓட்டை போட்ட தகடு, அதற்குப் பின்னால் தூசி வடிகட்டி, அதற்கும் பின்னால் காற்றை உள்ளே இழுக்க இரண்டு ஃபேன். பக்கவாட்டில் கண்ணாடி போல ஒரு ஜன்னல். முன்பக்கத் தகட்டின் மேலும் ஜன்னலின் மேலும் மெல்லிய பிளாஸ்டிக் தாள், பளபளவென்று. முன்பக்கத் தாள் ஒரு மூலையில் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று அந்தத் துண்டைக் கத்தரியால் நறுக்கிவிட்டு, மிச்சத்தைக் கட்டைவிரலால் நீவி ஒட்டினேன். பொருள் திரும்பப் போனாலும் மானத்தோடு போகட்டும் என்று.

பிறகு பழைய தகரத்தில் இருந்ததையெல்லாம் புதியதற்கு மாற்றி, பக்கத்துக் கதவை மூடி, ஒரு கல்யாணத்தை ஓடவிட்டேன். காற்றோட்டம் பார்க்க என்னிடம் ஒரு முறை உண்டு. ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திப் பின்பக்கம் காட்டுவேன். புகை சிதறி ஓடினால் ஃபேன் வேலை செய்கிறது. சிதறியது. திருப்தியாக உட்கார்ந்து டீ குடித்தேன்.

பாயும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். திரையில் கல்யாணம் துளித்துளியாக நகர்ந்தது. பொண்ணு வந்தாள், ஹோமப்புகை வந்தது, மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். பழைய தகரத்திலாவது பந்தி வரை வந்திருக்கிறது. இது தாலியே கட்ட விடவில்லை. பாய் துணியால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். மறுநாள் கதவைக் கழற்றிவிட்டு மறுபடி ஓட்டினேன். தாலி கட்டியாயிற்று, பந்தி முடிந்தது, பொண்ணு அழுது வண்டியேறினாள். படம் முழுசாக முடிந்தது.

எனக்கு வந்ததே கோபம். இவ்வளவு விலை கொடுத்தும் கதவைக் கழற்றித்தான் வைக்க வேண்டுமென்றால் தகரப் பெட்டி என்ன பாவம் செய்தது? உள்ளே வடிவமைப்பே தப்பு, அலங்காரத்துக்குத்தான் ஆகும் என்று நீளமாகப் பேசினேன். அக்கா வீட்டுக்காரர் ஜெராக்ஸை நிறுத்திவிட்டுக் கேட்டார். பேசப் பேச எனக்கே என் அறிவு பிடித்துப்போயிற்று.

பாய் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப குடுத்துட வேண்டியதுதான்” என்று மட்டும் சொன்னார். அடுத்த நாள் சித்ரா பௌர்ணமி, ஊருக்குள் காலே வைக்க முடியாது. அதற்கு மறுநாள் காலையில் சென்னை பஸ் பிடிப்பதாகச் சொல்லி, கழற்றிய பாகங்களை என்னிடமே விட்டுவிட்டு, பெட்டியைப் பழையபடி தெர்மாகோல் வைத்துக் கட்டி எடுத்துப் போனார். ஐந்தாவது நாள் அதுதான்.

பௌர்ணமிக்குக் கடை மூடியிருந்தது. மறுநாள் காலை சீக்கிரமே வந்து மேஜையைத் துடைத்தேன். நான் நறுக்கிய அந்தப் பிளாஸ்டிக் துண்டு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் பிய்த்து எடுத்து, குப்பையில் போடப் போனவள், வெளிச்சத்தில் ஏதோ தெரிய, தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். சமமாக இருக்க வேண்டிய தாளில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு குழி.

இதை நான் நறுக்கியது, கம்ப்யூட்டரை ஓட்டுவதற்கு முன்னால்தான். அப்படியென்றால் சென்னைக் கடைக்காரரே ஒரு தடவை ஃபேனை ஓட்டிக் காட்டியிருக்க வேண்டும். அப்போது உள்ளே இருந்த ஃபேன்கள் காற்றுக்காகத் தாளை உறிஞ்சியிருக்கின்றன. முன்பக்கம் முழுக்க மூடிய தாளோடு, நானும் கதவைச் சாத்தி, சித்திரை வெயிலில் அதை ஓடவிட்டிருக்கிறேன். ஒருவர் மூக்கைப் பொத்தி மலை சுற்றச் சொல்லிவிட்டு, பாதி வழியில் விழுந்தாரே என்று ஏசிய கதை.

ஊதுபத்தியைப் பின்பக்கம் காட்டிய புத்திசாலி, முன்பக்கம் காட்டவில்லை. தாள் கண்ணில் படாமலில்லை. நீவி ஒட்டியதே நான்தான். ஆனால் எங்கள் ஊரில் புதுப்பொருள் என்றால் தாளோடுதான் இருக்கும். எங்கள் வீட்டு டி.வி. ரிமோட் பாலிதீன் உறையோடு பிறந்து பாலிதீன் உறையோடேயே செத்தது. காரில் சீட் உறையைப் பிரிக்காமல் வியர்த்து ஒட்டிக்கொண்டே சொந்தக்காரர்கள் வருவார்கள். தாள் ஒரு தடங்கல் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

சும்மா இருந்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், பொய் சொல்வானேன். பாய் பெட்டியைக் கொடுத்துவிடுவார், விஷயம் முடிந்தது. போய்ச் சொன்னால், ஊரில் என் வார்த்தையை நம்புகிற ஒரே ஆளும் போய்விடுவார். பொம்பளைப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று மற்றவர்கள் சொன்னதை நானே நிரூபித்துக் கொடுத்த மாதிரி ஆகும். ஆனால் வைகாசி முழுக்க அவர் அந்தத் தகரத்தோடு அவதிப்படுவார் என்பதும் தெரிந்தது. அக்கா வீட்டுக்காரரின் மொபெட் சாவியை எடுத்தேன்.

பௌர்ணமி சமயத்தில் பஸ் எதுவும் பஸ் ஸ்டாண்டில் நிற்காது. ஊருக்கு வெளியே ஒவ்வொரு ரோட்டிலும் தற்காலிகமாக ஒரு ஸ்டாண்டு போட்டிருப்பார்கள். சென்னை பஸ் போகும் திண்டிவனம் ரோட்டுக்குப் போனேன். கிரிவலம் முடித்த கூட்டம் கால் வலியோடும் பையோடும் மொய்த்திருந்தது. மூன்றாவது பஸ்ஸில் பாய் தெரிந்தார். ஜன்னலோரம் கேபினட் உட்கார்ந்திருந்தது, பக்கத்தில் அவர். அதற்கும் தனியாக டிக்கெட் வாங்கியிருந்தார். இடம் கேட்டு ஒரு அம்மா சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

கூட்டத்தில் நசுங்கி உள்ளே போய் நின்றேன்.

“பாய், எறங்குங்க. பொட்டி நல்ல பொட்டி. நான்தான் தப்பா சொல்லிட்டேன்.”

துண்டுத் தாளை நீட்டி, குழிகளைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். டிரைவர் எஞ்சினைக் கிளப்பினார். சண்டை போட்ட அம்மாகூட எட்டிப் பார்த்தார்.

“நான் குடுக்கறதுக்குப் போகலம்மா” என்றார் பாய் மெதுவாக. “அங்க இன்னொருத்தர்கிட்ட காட்டிக் கேக்கலாம்னுதான் கெளம்பினேன். நீ சொன்னதுல எனக்குப் பாதிதான் நம்பிக்கை.”

எனக்கு வலித்தது. நிஜமாகவே வலித்தது. இத்தனை நாளும் கேட்காமல் நம்புகிறவர் என்று நான் தலையில் தூக்கி வைத்திருந்தவரும் மற்றவர்களைப் போலத்தான், வேலூருக்குப் பதில் சென்னை. அவர் எழுந்து, அந்த அம்மாவிடம் இரண்டு சீட்டையும் காட்டி, “உக்காருங்கம்மா” என்றார். கேபினட்டைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கினார்.

கடையில் தாளை உரித்தேன். பாதியில் பாய் என் கையைப் பிடிக்காத குறையாக, ஜன்னல் மேல் இருப்பது மட்டும் இருக்கட்டும், அது வழியாகக் காற்று போகாதல்லவா, புதுசு பார் என்று கெஞ்சினார். விட்டுவிட்டேன். பாகங்களை மறுபடி பூட்டி, கதவை மூடி ஓடவிட்டு, ஊதுபத்தியை இந்தத் தடவை முன்பக்கம் காட்டினேன். புகை ஒரு கோடாக நேரே உள்ளே போயிற்று. மாப்பிள்ளை தாலி கட்டினார், பந்தி முடிந்தது, பொண்ணு வண்டியேறினாள்.

வைகாசியில் ஒரு நாள் வேங்கிக்காலிலிருந்து ஒரு ஆபீசர் கம்ப்யூட்டரோடு வந்தார். என்னைப் பார்த்தார், மெக்கானிக் எங்கே என்று கேட்கவில்லை. யார் அனுப்பியது என்று கேட்டேன். பாய் என்றார். அவர் என்ன சொல்லி அனுப்பினார் என்றும் கேட்டேன், எனக்கு அதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

ஆபீசர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். “அந்தப் பொண்ணுகிட்ட குடுங்க. தப்பா சொல்லிட்டாகூட பஸ்ஸுக்கே ஓடியாந்து சொல்லிடும்னாரு.”